இலைக்கு வக்கீல் இல்லை

சீனித்துளசி தெரியும்தானே? ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டால் தித்திக்கும். வெளிநாட்டுப் பெயர் ஸ்டீவியா. பராகுவே நாட்டின் குவாரனி பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கசப்பு பானத்தில் போட்டுக் குடித்த சமாசாரம். ஜப்பான்காரர்கள் 1970-களிலிருந்து இதன் சாற்றை ஊறுகாயிலிருந்து குளிர்பானம் வரை சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை 1991-ல் அமெரிக்கா துறைமுகத்திலேயே மடக்கியது. பாதுகாப்பானது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம்.

நியாயமாகத்தானே இருக்கிறது? கொஞ்சம் பொறுங்கள். சாக்கரின் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1977-ல் இதே நிர்வாகம் அதைத் தடை செய்யப் பார்த்தது. ஜனங்கள் கூச்சல் போட, நாடாளுமன்றம் குறுக்கே விழுந்து காப்பாற்றியது. எச்சரிக்கை வாசகத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு 2000 வரை சாக்கரின் ஜோராக விற்றது. எலிக்கு வந்தது மனுஷனுக்கு வராது என்று பிற்பாடு தெரிந்தது, அது வேறு கதை. சந்தேகம் இருந்த காலத்திலேயே அதற்குக் கடையில் இடம் இருந்தது. இலைக்குத் துறைமுகத்தில்கூட இடமில்லை.

அடுத்தது இன்னும் தமாஷ். 1994-ல் புதுச் சட்டம் வந்தது. 1995 முதல் ஸ்டீவியாவை 'உணவுத் துணைப்பொருள்' என்று விற்கலாம். 'இனிப்பூட்டி' என்று மட்டும் விற்கக்கூடாது. அதே பவுடர்தான் சார். லேபிளை மாற்றினால் விஷம் இறங்கிவிடுமா?

2008 டிசம்பரில் கதவு திறந்தது. கார்கில் மாதிரி பெரிய கைகள் இலையிலிருந்து ஒரே ஒரு பொருளைச் சுத்திகரித்து, ஆய்வறிக்கைகளை அடுக்கி வைத்தன. நிர்வாகம் ஆட்சேபணை இல்லை என்றது.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீவியாவிலிருந்து உண்டாகும் ஸ்டீவியால் மரபணுவைப் பாதிக்கலாம் என்று 1985-ல் ஓர் ஆய்வகச் சோதனை சொன்னது. சந்தேகம் நிஜம். ஆனால் நிரூபிக்கிற செலவு விற்க வருகிறவன் தலையில். யாரும் காப்புரிமை வாங்க முடியாத ஒரு செடிக்காக எந்த முதலாளி கோடிகளைக் கொட்டுவான்? பணம் உள்ளவன் வந்து நிற்கும்வரை, பதினேழு வருஷம், கேள்வி அப்படியே கிடந்தது.

இன்றைக்கும் சுத்திகரித்த பவுடர் அமெரிக்காவுக்குள் போகலாம். வெறும் இலை, இனிப்பூட்டியாகப் போக முடியாது. இலைமேல் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அரசாங்கமே தன் காசில் சோதித்து, ஆகும் அல்லது ஆகாது என்று சொல்லிவிடட்டும். ஜனங்கள் வரி கட்டுவது பின்னே எதற்காம்?