காஸ் அடுப்பும் கரிக் கணக்கும்

"காஸ் எரிச்சா பூமி சூடாகுதாம். பாட்டி காலத்து விறகடுப்புதான் இயற்கையானதுன்னு காலேஜ் படிக்கிற என் பொண்ணு வாதாடறா. நீங்கதான் பதில் சொல்லணும்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

முதலில் அந்தப் பாட்டியைக் கேட்க வேண்டாமா, சகோதரி? ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண்ணும் நெஞ்சும் கெட்டது அவங்களுக்குத்தானே! வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். இயற்கையாம் இயற்கை! எருக்கம்பாலும் இயற்கைதான்.

காஸ் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியாகும். சிக்கனமான வீட்டில் ஒரு சிலிண்டர் ஒரு மாதம் தாராளமாக வரும். அமெரிக்காவிலோ கார், கரண்ட், தொழிற்சாலை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே சராசரி 38 கிலோ ஆகிறது. "சமையலை மட்டும் வைத்து ஒப்பிடலாமா?" என்று மகள் மடக்குவாள். மொத்தமாகவே பார்க்கட்டும். ஆண்டுக்குத் தலைக்கு நமக்கு 2 டன் சொச்சம், அவர்களுக்கு 14 டன்.

இப்படி எரித்துத்தான் பணக்கார நாடுகள் முன்னுக்கு வந்தன. ஏழை நாடுகள் புகையில்லாமல் முன்னேற, 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை எட்டியது 2022-ல்தான். அதிலும் பெரும்பகுதி கடன்! தெருவெல்லாம் குப்பை கொட்டினவங்களே, பெருக்க விளக்குமாறு வாங்கிக்கோ என்று நமக்குக் கைமாத்து கொடுக்கிற கதைதான்.

2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் 10 கோடிக்கு மேற்பட்ட ஏழைப் பெண்களுக்குக் காஸ் இணைப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் அவங்க வீடுகளில் வருஷத்துக்கு வாங்குவது சராசரியாக நாலு சிலிண்டர் அளவுதான். விலை கட்டுப்படி ஆகணுமே! மற்ற மாதங்களில் பல வீடுகளில் மறுபடி சுள்ளியும் வறட்டியும்தான். மகளுக்குக் கோபம் வந்தால் இதற்கு வரட்டும்.

காஸே போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. நாம் எரிப்பதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. அங்கே விலை ஏறினால் இங்கே கை சுடும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைக் கரண்டில் இண்டக்‌ஷன் அடுப்பு எரிந்தால் எனக்கும் சந்தோஷமே. ஆனால் அந்த அடுப்பு, அதற்கேற்ற பாத்திரம், நிற்காத கரண்ட் எல்லாம் கிராமத்து வீட்டுக்கும் வரணும். அந்தச் செலவில் பெரும்பங்கு, அதிகம் எரித்தவர்களுடையது.

அதுவரை பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். விறகில்தான் சமைத்தாக வேண்டும் என்றால் அடுப்பை ஜன்னல் பக்கம் மாற்றிப் புகை வெளியேற வழி பண்ணுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பெதிரே நிற்காதீர்கள்.