குளிர்பெட்டியில் குடியேறிய பூசணம்

மழைக்காலத்தில் ஓய்ந்து கிடந்த ஏர்கண்டிஷன் பெட்டியை மணவாள நகர் வீடுகளில் மாசி பிறந்ததும் முடுக்குகிறார்கள். முதலில் வருவது குளிர் அன்று. ஈரக் கோணியின் வாடை! உடனே ஊதுவத்தி ஏற்றுவோர் உண்டு. வாடை அடங்கும், பூசணம் அடங்குமா?

பெட்டிக்குள் இருக்கும் குளிர்ந்த சுருளில் அறைக்காற்றின் ஈரம் நீராகிச் சொட்டுகிறது. தட்டில் விழும் அந்நீர் குழாய் வழியே வெளியேற வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டு தூசியும் சேர்ந்தால் பூசணத்துக்கு விருந்துதான். ஈரத்தில் அது முளைக்க ஓரிரு நாள் போதும். அதன் நுண்வித்துக்கள் கதவடைத்து உறங்குவோரின் மூச்சில் ஏறுகின்றன. தும்மல், கண்ணரிப்பு, இருமல், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு. காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்களுக்கோ, ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் இனம் அக்குழியிலேயே வளர்ந்து, இருமலில் இரத்தம் காண்பதும் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை நனைத்ததைப் போல வீடே நனைந்தால், சுவரின் ஓதம் உலராமல் பெட்டியை மட்டும் கழுவிப் பயனில்லை.

சல்லடையை அலசியதோடு வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். சுருளும் தட்டும் குழாயும் கழுவப்பட வேண்டும். அது பழகிய மெக்கானிக்கின் வேலை. கூலி யார் தருவது? தொழிற்சாலைச் சம்பளத்தில் குடியிருப்பவரா, பெட்டியை மாட்டி வாடகையை உயர்த்திய வீட்டுக்காரரா? பெட்டிக்கு உடையவர் தருவதே நியாயம். சல்லடையை இரு வாரத்துக்கொரு முறை அலசுவது குடியிருப்பவர் பொறுப்பு. பகலில் சன்னலைத் திறந்துவைக்க எவருக்கும் கூலி தர வேண்டியதில்லை.