எந்தப் பணியை நாடுகிறீர்கள்?



எம்மிடம் ஓதியவரும், பின்னர்க் கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றவருமான மாணவர் ஒருவர், சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாளை நீட்டினார். வேலைக்கு அனுப்பும் சுயவிவரக் குறிப்பு. "ஹஜ்ரத், மூன்று இடங்களில் நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பிவிட்டேன். துஆச் செய்யுங்கள்" என்றார். துஆச் செய்தேன்; தாளையும் படித்தேன்.

பெயருக்குக் கீழே 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்று ஒரு தலைப்பு. சவால் நிறைந்த சூழலில் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தோடு தாமும் உயர விரும்புவதாக அதன்கீழ் நீண்டதோர் ஆங்கில வாக்கியம். "இதன் பொருள் என்ன தம்பி?" என்றேன். தலை கவிழ்ந்தார். கணினி நிலையத்தில் தட்டச்சு செய்தவரே சேர்த்துக் கொடுத்ததாம். அங்கே வருகிற எல்லோருடைய தாளிலும் அது இருக்குமாம். கடைசியாகச் சென்ற இடத்தில் அதிகாரியும் இதே கேள்வியைத்தான் கேட்டாராம்! மூன்றாண்டுப் படிப்பும், அதற்காகத் தாயார் விற்ற நகையும், யாரோ எழுதிய ஒரு வாக்கியத்தின்முன் பேச்சிழந்து நின்றிருக்கின்றன.

குறிக்கோள் என்ற அந்த இரண்டு மூன்று வரிகளில், இவர் எந்தப் பணியைக் கேட்கிறார், அதற்கு இவரிடம் என்ன இருக்கிறது என்பதையே வேலை கொடுப்பவர் தேடுகிறார். உயர வேண்டுமென்ற ஆசை எல்லோருக்கும் உள்ளதுதானே? அதை அவர் படித்து ஆகப்போவது என்ன?

"நம்மை நாமே புகழ்ந்துகொள்வது ஆகுமா ஹஜ்ரத்?" என்று தயங்கினார். மத்ரஸாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இத்தயக்கம் இயல்பு. நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினேன். எகிப்து மன்னரிடம் அவர்கள் வெறுமனே 'ஒரு பதவி' கேட்கவில்லை. களஞ்சியங்களின் பொறுப்பு என்று பணியைக் குறிப்பிட்டே கேட்டார்கள். தம்மிடமுள்ள பண்புகளில் இரண்டையே சொன்னார்கள்: பேணிக் காப்பவர், அறிந்தவர். களஞ்சியத்துக்கு வேண்டியவை அவ்விரண்டுமே. தம் அழகையோ நபித்துவக் குடும்பத்தையோ அங்கே பேசவில்லை. அதற்கு முன்பே, ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கும் முறையைச் சொல்லி அறிவையும், பழி நீங்கிய பின்னரே சிறையிலிருந்து வெளிவந்து நாணயத்தையும் மெய்ப்பித்திருந்தார்கள். பதவியைத் தேடிக் கேட்பதை ஹதீஸ் தடுக்கிறதே என்பாருக்கு, தகுதியுள்ளவர் பொதுநலம் கருதித் தம் தகுதியை எடுத்துரைக்கலாம் என இவ்வரலாற்றைக் கொண்டே அறிஞர்கள் விடை கூறியுள்ளனர்.

"உமக்கு என்ன தெரியும், சொல்லும்" என்றேன். கல்லூரி விடுமுறைகளில் தம் வாப்பாவின் நண்பருடைய அரிசி மண்டியில் கணக்கெழுதியதாக மெல்லச் சொன்னார். தாளில் அது இல்லை. மண்டி வேலையை எழுதினால் மதிப்புக் குறையும் என்று எண்ணினாராம்! அதையே முதலில் தமிழில் எழுதச் சொன்னேன்.

"வணிகவியல் பட்டதாரியான நான், கணக்கு உதவியாளர் பணியை நாடுகிறேன். அரிசி மண்டியில் தினக்கணக்கையும் மூட்டை இருப்பையும் டேலியில் பதிந்துள்ளேன். ஏட்டையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பிழை காணும் பழக்கமுண்டு."

இனி அதைத் தம்மால் விளக்க முடிந்த எளிய ஆங்கிலத்தில் அவரே எழுதிக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் கணினி மென்பொருளே வகைப்படுத்துவதால், விளம்பரத்தில் பணிக்கு என்ன பெயரிட்டுள்ளார்களோ அப்பெயரையே எழுதுவது நலம். வேறு பணிக்கு அனுப்பும்போது வரிகளையும் மாற்ற வேண்டும். பல்லாண்டு ஒரே துறையில் இருப்போர் இப்பகுதியை விட்டுவிட்டு, அனுபவச் சுருக்கத்தை எழுதுவதே இன்றைய வழக்கம். புதிதாக வேலை தேடுவோருக்கும், துறை மாறுவோருக்குமே இது பெரிதும் பயன்படும்.

ஆங்கிலத்தில் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டேன். இம்முறை தயங்காமல் சொன்னார். மண்டிக்காரரிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்கி வருவதாகக் கூறி, மக்ரிப் பாங்குக்கு முன்பே எழுந்து போனார்.