ஆராதனை எத்தனை மணிக்கு?

தேவாலயத்துக்கு இணையதளம் அமைக்க ரெடிமேட் டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. சிறிய சபைக்கு அதுவே சரியான வழி. பங்குப்பேரவையோ சேகரக் கமிட்டியோ காணிக்கைப் பணத்தைக் கொட்டி, ஒரு நிறுவனத்திடம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள். அதில் பயன்படுத்த இலவச வடிவங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. தேவாலயங்களுக்கென்றே செய்தவையும் உண்டு. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. பெயரையும் படத்தையும் மாற்றியதும் தளம் நம்முடையதாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் எந்தச் செய்தி மேலே, எது கீழே, படிக்க வருபவர் யார் என்ற முடிவுகளும் டெம்ப்ளேட்டோடு சேர்ந்தே வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் புறநகர்ச் சபையை மனத்தில் வைத்து எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளை மாற்றாமல் படங்களை மட்டும் மாற்றிய தளம் நம் மக்களுக்குப் பயன்படாது என்பதே என் வாதம்.

திருப்பூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனி வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒடிசாவின் சுந்தர்கட், ஜார்க்கண்டின் சிம்தேகா, கும்லா போன்ற மாவட்டங்களில் பழங்குடிக் கிறிஸ்தவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அங்கிருந்து வரும் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வு நாள். மாவட்டத்தின் தென்கோடியில் அணையை ஒட்டியுள்ள அமராவதி நகரிலும் தேவாலயம் தேடும் புதியவர்கள் உண்டு. 1962 முதல் அங்கே சைனிக் பள்ளி இயங்குகிறது. வெளியூர்க் குடும்பங்கள் வருவதும் போவதுமான ஊர் அது. புதிதாக வந்தவர் போனில் தேடும்போது கேட்பது மிகச் சாதாரணமான கேள்விகள். பக்கத்தில் எந்தத் தேவாலயம்? திருப்பலி எத்தனை மணிக்கு? எந்த மொழியில்? எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும்? ஆபத்து நேரத்தில் யாரை அழைப்பது? டெம்ப்ளேட்டின் முதல் திரையிலோ திரையை அடைக்கும் ஒரு படம் வந்து நிற்கிறது. அதன் மேல் ஓர் ஆங்கில வாசகம். நேரம் தெரிய வேண்டுமானால் நான்கு முறை விரலால் தள்ள வேண்டும். அங்கேயும் வரைபடம் சில தளங்களில் ஏதோ ஓர் அமெரிக்க நகரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய விடுபடல் சான்றிதழ். இடம்பெயர்ந்த கிறிஸ்தவருக்குச் சொந்த ஊர்க் கோயிலோடு உள்ள உறவு பெரும்பாலும் ஒரு பதிவேட்டில்தான் இருக்கிறது. தென்மாவட்டத்து நாசரேத்திலோ மணப்பாட்டிலோ ஞானஸ்நானம் பெற்று, திருப்பூரில் வேலை பார்த்து, இங்கேயே பெண் பார்த்துத் திருமணம் முடிப்பவருக்கு ஊரிலிருந்து ஞானஸ்நானச் சான்று வேண்டும். இரண்டு இடங்களிலும் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியிருக்கலாம். அதற்கு எத்தனை வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், என்னென்ன தாள்கள் தேவை, அலுவலகம் எந்த நாளில் திறந்திருக்கும் என்பதெல்லாம் தெரியாமல், சம்பளத்தை இழந்து இரவு பஸ் ஏறிப் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. ஒரே ஒரு பக்கம் அந்த அலைச்சலைத் தவிர்க்கும். டெம்ப்ளேட்டில் அந்தப் பக்கம் இல்லை என்பதற்காக நம் தளத்திலும் இல்லாமல் போவது நியாயமல்ல. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்பவர், நோயுற்ற பெற்றோருக்கு நற்கருணை கொண்டுவரச் சொல்லிக் கேட்பவர், எந்த அன்பியத்தில் சேர்வது என்று தெரியாதவர், இவர்களுக்கான பக்கங்களையும் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த கருவியை வாங்கி, அதை நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது தமிழ்த் திருச்சபைக்குப் புதிதல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்குவின் அச்சு வேலையே இதற்குச் சான்று. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். அவை அளவில் பெரியவை, காகிதமோ அரிது. அந்த எழுத்துகளைக் கொண்டு நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714-இல் அச்சிட்டார்கள். அதற்குள் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, புதிய ஏற்பாட்டின் மீதிப் பகுதியை அவற்றால் 1715-இல் முடித்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். ஹாலேயிலிருந்து வந்ததை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் வேலை தொடங்கியே இருக்காது. வந்ததை அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் காகிதம் தீர்ந்து பாதியில் நின்றிருக்கும். எழுத்தின் அளவைக் காகிதத்துக்கேற்ப மாற்றத் துணிந்ததால்தான் நூல் முழுமையடைந்தது.

இணையதளத்திலும் எழுத்திலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்துக்கென்று தேர்ந்த எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. போன் தன்னிடம் உள்ள ஏதோ ஓர் எழுத்துருவைப் போட்டு நிரப்பிவிடும். தலைப்புகளுக்கு வரி இடைவெளியை மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். தமிழில் அது மேல்வரியில் கீழிறங்கும் உகரக் குறியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாகிவிடும். ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கென்று செய்த பட்டனில் ‘உறுதிபூசுதல்’ அடங்காது. கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இலவசம். அவற்றைச் சேர்த்து, இடைவெளியைக் கூட்டினாலே பாதிக் குறை தீரும். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று டெம்ப்ளேட்டின் நிரலில் குறித்திருப்பதைத் தமிழ் என்று மாற்றவேண்டும். இல்லையென்றால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். பங்கு மடல்களைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் கோயில்கள் பல. அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் திரையில் பொருளற்ற எழுத்துகளே வரும்; தேடினாலும் கிடைக்காது.

பணமும் படிவமும் இன்னும் கவனம் கேட்பவை. டெம்ப்ளேட்டின் காணிக்கை பட்டன் பெரும்பாலும் வெளிநாட்டுக் கட்டணச் சேவைகளையே எதிர்பார்க்கிறது. அவற்றுள் ஒன்றான பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. அந்தப் பட்டன் வழியே வெளிநாட்டவர் பணம் அனுப்பினால் சபை சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அத்தகைய நன்கொடையைப் பெறக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே முதலில் வர வேண்டும். பதிவு இல்லாத சபை அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கை மட்டும் போடுவதே பாதுகாப்பு. ஜெப விண்ணப்பப் படிவத்தில் மக்கள் எழுதுவது நோயையும் கடனையும் குடும்பச் சண்டையையும். அது எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது, யார் படிக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தப் படிவத்தைத் திறந்து வைப்பது நம்பி எழுதியவருக்குச் செய்யும் தீங்கு. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் படத்தையும் பெயரையும் சேர்த்து வெளியிடும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலைப்பாடு.

வாட்ஸ்அப் குழுவும் யூடியூப் நேரலையும் இருக்க, தளம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் உண்மை இருக்கிறது. வாராந்தரச் செய்திக்கு வாட்ஸ்அப்பே சிறந்தது. தளம் அதோடு போட்டி போட வேண்டாம். ஆனால் குழுவில் சேர ஏற்கெனவே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். நேற்று வந்து இறங்கியவருக்கு யாரையும் தெரியாது. அவருக்காகவே தளம். அதனால் யார் பராமரிப்பது என்ற அடுத்த ஆட்சேபமும் எளிதாகிறது. மாறாதவற்றை மட்டும் தளத்தில் வைத்தால் வாராவாரம் தொட வேண்டியதில்லை. ஈஸ்டர் தேதியும் தவக்கால நேரமும் ஆண்டுதோறும் மாறும். அவற்றைத் திருத்த ஆள் இல்லையென்றால் நிகழ்ச்சிப் பக்கத்தையே நீக்கிவிடலாம். இரண்டாண்டுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அறிவிப்பு தொங்கும் தளம், இங்கே இப்போது யாரும் இல்லையோ என்று எண்ண வைக்கும்.

இறைவனின் வீட்டுக்கான தளம் அழகாக இருக்க வேண்டாமா என்ற ஆட்சேபத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. கோபுரத்தையும் பீடத்தையும் அழகுபடுத்திய மரபு நம்முடையது. ஆனால் டெம்ப்ளேட்டோடு வரும் பளபளப்பு நம் அழகு ஆகாது. கம்பளம் விரித்த அரங்கில் கோட்டு அணிந்து நிற்கும் அந்நியக் குடும்பத்தின் படத்தைவிட, வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு உள்ளே அமர்ந்திருக்கும் நம் சபையின் ஒரு படம் அழகானது. அதைப் பார்த்து வருபவர் ஏமாறவும் மாட்டார். ஓடும் வீடியோவை எடுத்துவிட்டால் குறைந்த விலை போனிலும் பக்கம் உடனே திறக்கும். வாங்குபவர் அனுப்பும் அளவை வைத்து நேரே மொத்த ஆர்டரையும் வெட்டிவிடும் கம்பெனி திருப்பூரில் இல்லை. முதலில் சாம்பிள் தைத்துப் பார்ப்பார்கள். தளத்தையும் அப்படி, முதிய தாயார் ஒருவரிடமும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரிடமும் கொடுத்து, ஆராதனை நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியிடவேண்டும்.

உரிமை விஷயத்தில் கண்டிப்பு தேவை. விலை கொடுத்து வாங்க வேண்டிய டெம்ப்ளேட்டின் திருட்டுப் பிரதியில் தீய நிரல் ஒளிந்திருக்கலாம். அப்படி இல்லையென்றாலும் திருட்டைக் கொண்டு தேவாலயத் தளம் கட்டக் கூடாது. இலவச வடிவங்கள் சில, செய்தவரின் பெயரைப் பக்கத்தின் அடியில் வைத்திருக்கச் சொல்கின்றன. அந்த ஒரு வரியை அழிக்காமல் விடுவது நேர்மை. தளத்தின் முகவரியைச் சபையின் பெயரிலும் சபை அலுவலக மின்னஞ்சலிலும் பதிய வேண்டும். ஆர்வமுள்ள இளைஞர் தன் பெயரில் பதிந்து, பின்னர் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்கே போகும். காலாவதியான முகவரிகளைச் சூதாட்டத் தளம் நடத்துவோர் வாங்கிக்கொள்வது உலகெங்கும் நடக்கிறது. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பது கமிட்டியின் குறிப்பேட்டில் இருக்கட்டும். புதிதாகச் செய்யச் சொல்லாததால் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை, நேரமும் இடமும் சொல்லும் பக்கத்தை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதித் தருபவருக்குக் கூலியாகக் கொடுக்கலாம். அந்த மொழிகளைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பின்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். எழுதியது சரியா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.