முடியாத யுத்தமும் கொரியத் தொழிலாளியும்

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் நமது தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியும் கேட்டார்கள், ஆனால் முதலில் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம். நம் பஞ்சாலைகளில் தாத்தா காலத்திலேயே போராடிப் பெற்ற உரிமை இது. இதற்கு இவ்வளவு பெரிய கம்பெனி ஏன் மிரள்கிறது என்று பசுமலைத் தொழிலாளி கேட்பது நியாயம். பதில் காஞ்சிபுரத்தில் இல்லை. அந்தக் கம்பெனி பிறந்த கொரியாவின் சரித்திரத்தில் இருக்கிறது.

மூன்று பக்கம் கடல். வடக்கே சீனமும் ரஷ்யாவும். நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு மலை. எஞ்சிய பள்ளத்தாக்கிலும் மேற்குக் கரைச் சமவெளியிலும் நெல். ஒரே மொழி பேசும் ஜனங்கள். 1910இல் ஜப்பான் இந்நாட்டை விழுங்கியது. உடனே நிலத்தை அளக்கத் தொடங்கியது. குத்தகைக்காரர்கள் பெருகினார்கள். விளைச்சலில் பாதி, பல இடங்களில் அதற்கும் மேல், வாரமாகப் போயிற்று. நெல் கப்பலேறியது, விளைவித்தவன் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையைத் தின்றான். ஜமீனுக்கு வாரம் அளந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் வீழ்ந்தது. வாஷிங்டனில் இரண்டு ராணுவ அதிகாரிகள் இரவோடிரவாகத் தேசப்படத்தை விரித்து, 38ஆம் அட்சரேகையில் கோடு போட்டார்கள். சோவியத்தும் ஒப்புக்கொண்டது. கொரியர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. வடக்கே 1946 மார்ச்சில் நிலப்பிரபுக்களின் நிலம் நஷ்டஈடின்றி உழுதவனுக்குப் பங்கிடப்பட்டது. தெற்கே அமெரிக்க ராணுவ ஆட்சி மக்கள் கமிட்டிகளைக் கலைத்தது. தனித் தேர்தலை எதிர்த்து 1948 ஏப்ரல் 3இல் சேஜு தீவு கிளர்ந்தெழுந்தது. அடக்குமுறையில் 25,000 முதல் 30,000 பேர், தீவின் ஜனத்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, மாண்டதாகக் கணக்கு. தெற்கின் ஜனாதிபதி அதற்கு மன்னிப்புக் கேட்டது 2003இல்.

1950 ஜூன் 25 அன்று வடக்கின் படை கோட்டைக் கடந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே எல்லையில் இரு தரப்பும் சுட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்கா தலைமையில் பல நாட்டுப் படைகள் இறங்கின. பின்னர் சீனத் தொண்டர் படை வந்தது. மூன்றாண்டில் மாண்டவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். விவசாயத் தொழிலாளர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1953 மே மாதம், நெல் நடவுக் காலத்தில், அமெரிக்க விமானங்கள் வடக்கின் தொக்சான் பாசன அணையைக் குண்டு வீசி உடைத்தன. சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. நாற்று நட்ட வேளையில் வைகை அணையை ஒருவன் தகர்த்தால் சோழவந்தான் என்னவாகும்?

1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் வந்தது. தாயகம் திரும்ப மறுத்த கைதிகளின் பொறுப்பு, இந்தியா தலைமை வகித்த கமிஷனிடம் வந்தது. ஜெனரல் திம்மையா அதன் தலைவர். எந்தப் பக்கமும் போக மனமில்லாத 88 பேர், 76 கொரியரும் 12 சீனரும், 1954 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சொந்த நாட்டில் இரண்டு சர்க்கார். போக ஒரு வீடு இல்லை! பெரும்பாலோர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

நின்றது துப்பாக்கி மட்டுமே. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. முடியாத யுத்தத்தால் யாருக்கு லாபம்? தெற்கில் 1948ஆம் ஆண்டின் தேசப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. சங்கம் என்றவன் வடக்கின் ஆள். கூலி கேட்டவனும் வடக்கின் ஆள். 1970 நவம்பர் 13 அன்று சியோல் தையல் பட்டறைத் தொழிலாளி ஜொன் டே-இல், வயது 22, தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தக் கோரித் தன்னையே கொளுத்திக்கொண்டார். இந்த மண்ணில்தான் சாம்சங்கின் ‘சங்கம் கூடாது’ கொள்கை செழித்தது. அதைக் கைவிடுவதாக முதலாளி வாய் திறந்தது 2020இல். கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் முதன்முதலாக வேலைநிறுத்தம் செய்தது 2024இல். நம் தோழர்களுக்குச் சில மாதங்கள்தான் மூத்தவர்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 3 இரவு, வடக்கின் ஆதரவாளர்களை ஒழிப்பதாகச் சொல்லி ஜனாதிபதி யூன் ராணுவச் சட்டம் பிறப்பித்தார். அந்த உத்தரவில் வேலைநிறுத்தத் தடையும் இருந்தது! ஜனங்கள் தெருவில் திரண்டார்கள். சில மணி நேரத்தில் பார்லிமெண்டு அதை நிராகரித்தது. 2025 ஏப்ரல் 4இல் யூனின் பதவியும் போயிற்று.

வடக்கில் ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக ஆள்வதையும், அணுகுண்டுக்குக் கொட்டுவதையும் நாம் மெச்ச வேண்டியதில்லை. அதற்கு மருந்து முற்றுகையுமல்ல. போர்நிறுத்தம் சமாதான உடன்படிக்கையாக வேண்டும். அன்று கமிஷனுக்குத் தலைமை வகித்த இந்தியா அதை உரக்கக் கேட்க வேண்டும். காலம் காத்திருக்கவில்லை. வடக்கிலுள்ள உறவினரைக் காணத் தெற்கில் பெயர் பதிந்தவர்கள் 1,30,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் கும்காங் மலையில் நடந்தது. அந்தக் கட்டடத்தையும் 2025இல் வடக்கு இடிக்கத் தொடங்கிவிட்டது.