சைக்கிள் இலவசம், தலை உங்கள் பொறுப்பு

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் சூடாத்தான் எழுதப்போறேன்.

சைக்கிள் ஹெல்மெட்னு வாயைத் திறந்தாலே எங்க ஊர்ல ரெண்டு கட்சி. ஒண்ணு, "சைக்கிளுக்கு என்னத்துக்குவே ஹெல்மெட்டு?"ன்னு சிரிக்கிற கட்சி. இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல இறுக்கமா உடுப்பு மாட்டி நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரிக்கு மிதிச்சு, சூரிய உதயத்தோட போட்டோ புடிக்கிற கட்சி. "பத்தாயிரத்துக்குக் கொறஞ்சதெல்லாம் ஹெல்மெட்டே இல்ல பாஸ்"ங்கும். முதல் கட்சி மேல எனக்கு வருத்தம்தான். கோவமெல்லாம் ரெண்டாவது கட்சி மேல.

ஏன்னா இந்த மாவட்டத்துல தினமும் சைக்கிள் மிதிக்கிறது அவங்க இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. 2001-02ல தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பதினொண்ணாம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும்னு விரிஞ்ச இலவச சைக்கிள் திட்டம். 2022-23ல மட்டும் சுமார் 6.35 லட்சம் பேருக்கு 323 கோடி ரூபாய்ல குடுத்தாங்க. வகுத்துப் பாருங்க, தலைக்கு அஞ்சாயிரம் சொச்சம். அருமையான திட்டம், அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த அஞ்சாயிரத்துல தலைக்குன்னு ஒரு பைசா கிடையாது. தக்கலை, மார்த்தாண்டம் ரோட்டுல டாரஸ் லாரி ஒரு சாண் தள்ளி உரசிட்டுப் போகுது, இந்தப் பிள்ளை வெறுந்தலையோட ஓரத்து மண்ணுல இறங்குது.

"ஹாலந்துல யாரும் போடறதில்லையே?"ம்பாங்க. அங்க சைக்கிளுக்குன்னு தனிப் பாதை இருக்குவே. பார்வதிபுரத்துல அப்படி ஒண்ணு போட்டுத் தாங்க, நானும் கழட்டிடறேன்.

சரி, விலைக்கு வருவோம். ஐரோப்பாக்காரன் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வச்சிருக்கிற தரம் ஈஎன் 1078. ஹெல்மெட்டை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து தட்டையான இரும்பு மேல போடுவான். மோதும்போது வேகம் மணிக்கு 19.5 கிலோமீட்டர். லாரி அடிச்சா காப்பாத்துற கவசமில்ல இது, சத்தியம் பண்ண மாட்டேன். சைக்கிள்ல இருந்து சாய்ஞ்சு தலை தரையில மோதுற விழுகைக்குத்தான் இந்தக் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை விழுறதும் பெரும்பாலும் அப்படித்தான்.

உள்ள இருக்கிறது என்ன? டிவி பெட்டிக்குள்ள வருமே, அந்த தெர்மாகோல் வகையறாதான், நெருக்கமாச் செஞ்சது. அடி விழும்போது அது நசுங்குது, மண்டைக்குப் போற அதிர்ச்சி கொறையுது. ஆயிரம் ரூபாய்ல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள இந்த முத்திரையோட கிடைக்குது. பத்தாயிரம் குடுத்தா எடை கொறையும், காத்தோட்டம் கூடும், அழகா இருக்கும். பாதுகாப்பு பத்து மடங்கு ஆகாது. அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018ல இருந்து சைக்கிள் ஹெல்மெட்டுக்கு நட்சத்திரம் போடுது. 50 டாலருக்கு வந்த ஸ்பெஷலைஸ்டு அலைன் 2 அஞ்சு நட்சத்திரம் வாங்குச்சு. அதைவிட மூணு நாலு மடங்கு விலை உள்ள சிலது அதுக்குக் கீழதான்.

இதுக்காக நானூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல வர்ற முத்திரையில்லாத கிண்ணத்தை வாங்கிராதீங்க. 2021 ஜூன் 1ல இருந்து ஐஎஸ்ஐ கட்டாயம்னு வந்த உத்தரவு மோட்டார் வண்டி ஹெல்மெட்டுக்கு மட்டும்தான், சைக்கிள் ஹெல்மெட்டு அதுல வராது. உள்பக்க ஸ்டிக்கரை நீங்களேதான் தேடிப் படிக்கணும். வெறும் சிஇ-ன்னு போட்டிருந்தா போதாது, 1078ங்கிற நம்பரும் இருக்கணும்.

"வீட்டுல பைக் ஹெல்மெட் கெடக்கே?" கெடக்கட்டும். ஒரு கிலோவுக்கு மேல கனம். சைக்கிளுக்குள்ளது முந்நூறு கிராம் பக்கம். எங்க ஊர் வேர்வைக்கு அந்தக் குடத்தை மாட்டிட்டு மிதிச்சா பத்து நிமிஷத்துல கழட்டி கைப்பிடியில தொங்க விட்டுருவான். ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் காத்துல போயிருக்கீங்களா? காத்தாடி சுத்துற ஊரு. அங்க வெயில் மறைக்கிற தட்டு நீட்டிட்டிருக்கிற ஹெல்மெட் கழுத்தைத் திருப்பிரும். தட்டு இல்லாதது, இல்லேன்னா கழட்ட முடியுறது போதும்.

சௌகரியம்ங்கறது அளவுலதான் இருக்கு. புருவத்துக்கு ரெண்டு விரல் மேல டேப்பைச் சுத்தி அளங்க. பெரிசா வாங்கி உள்ள துணி வைக்கப்படாது, அது சும்மாடு இல்ல. பின்னாடி திருகை இறுக்கிட்டு, நாடி வாரை மாட்டாமலேயே தலையை ஆட்டுங்க. ஆடுச்சுன்னா அந்த அளவு வேண்டாம். ரெட்டைச் சடைக்குப் பிரச்சினையில்ல, உச்சிக்கொண்டைதான் இடிக்கும். தோவாளைப் பிச்சிப்பூவை இறங்குன பிறகு வச்சுக்கலாம்.

"பிள்ளைங்க போட மாட்டாங்க"ன்னு அடுத்து ஒரு வாதம் வரும். குடுத்துப் பாத்தீங்களாவே? பைக்குக்கு 2015 ஜூலையில இருந்து கட்டாயம்னு நீதிமன்றம் சொன்னப்பவும் இதே பேச்சுத்தான் பேசுனோம். ஒண்ணு ரெண்டா வாங்கினாலே ஆயிரம்னா, ஆறு லட்சத்துக்கு டெண்டர் போட்டா எவ்வளவு கொறையும்? சைக்கிளுக்குப் போடுற அதே டெண்டர்ல ஒரு வரி சேத்தாப் போதும்.

இன்னொண்ணு, மறந்துட்டேன். ஒருதரம் பலமா அடி வாங்கின ஹெல்மெட்டு வெளிய பளபளன்னு இருந்தாலும் உள்ள நசுங்கியிருக்கும். அதைத் தம்பிக்குக் குடுக்காதீங்க. தொட்டியாக்கி ரோஜாக்கம்பு நட்டு வைங்க, ஓட்டை நிறைய இருக்கு, தண்ணி நல்லா வடியும்.