கரையில் என்ன இருக்கிறது?

2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளும் அதன் பயணவழியில் இருந்தன. அந்நாட்களில் அவ்வழியே குடும்பத்துடன் சென்று வந்தார் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்தும் என் நண்பர் ஒருவர். "யாழ்ப்பாணம் எப்படி இருந்தது?" என்று ஆவலோடு வினவினேன்.

"நாங்க எறங்கலைங்க. அங்க என்னங்க இருக்குது? வெயில்ல வேன்ல போயி வேன்ல வரோணும். கப்பல்லயே நீச்சல் குளம், சாப்பாடு, கச்சேரி எல்லாமே இருக்குதுங்க" என்றார்.

இவ்வாறு எண்ணுபவர் அவர் ஒருவரே அல்லர். கப்பற் பயணம் சென்று வந்தோர் பலர் இதனையே அனுபவ ஞானமாகப் பிறருக்கும் ஓதுகின்றனர். அந்த ஞானத்தை மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். எல்லாத் துறைகளும் இறங்கத் தக்கவை அல்ல. கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும் என்றால் எட்டு மணியும் நமக்குரியவை ஆகா. குடிவரவுச் சோதனைக்கும் வரிசைக்கும் சில மணி கழியும். கப்பல் புறப்படுவதற்கு முன்னதாகவே திரும்பியாகவும் வேண்டும். கப்பலார் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். தனியே வண்டி அமர்த்திச் சென்றவருக்காகக் கப்பல் காத்திராது. அம்பாந்தோட்டையில் இறங்கிக் கதிர்காமம் செல்ல விரும்பினால் சாலைவழி 40 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவரும் கைக்குழந்தை உள்ள தாயும் அங்கே கப்பலிலேயே தங்கினால் யாரும் குறை சொல்லமாட்டார்.

ஆனால் தூரத்தையும் நேரத்தையும் உடல்நிலையையும் கணக்கிட்டு இறங்காதிருப்பது வேறு, "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டு இறங்காதிருப்பது வேறு. முன்னது விவேகம். பின்னது அலட்சியம்.

என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? திருகோணமலையில், சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயில் கடலை நோக்கிய பாறை முகட்டில் நிற்கிறது. பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் இடித்தவர்கள் போர்த்துகீசியர். கத்தோலிக்கராகிய நாம் அங்கே சற்றுத் தலைகுனிந்து நிற்பதும் நன்றே. காங்கேசன்துறையிலிருந்து சில கிலோமீட்டரில், கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி இருக்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே சென்றால் யாழ்ப்பாணம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டு, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட நூலகம் அங்கே வெண்ணிறமாய் நிற்கிறது. உலகத் தமிழாராய்ச்சிக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர்காவற்றுறை அந்நகருக்கு மேற்கே உள்ள தீவில் இருக்கிறது. நம் சரக்குகள் கப்பலேறும் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் கண்டவரும் அவரே.

காங்கேசன்துறையே ஒரு நூல்தான். 1990இல் அப்பகுதி மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். சீமெந்து ஆலை நின்றது, தொடர்வண்டியும் நின்றது. அவ்வண்டி மீண்டும் அங்கே வந்து சேர்ந்தது 2015 ஜனவரியில்தான். 2009இல் போர் முடிந்த பின்னும் மக்களின் காணிகள் தவணை தவணையாகவே விடுவிக்கப்பட்டன. அத்துறையில் நின்ற கப்பலின் நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டு, "அங்கே என்ன இருக்கிறது?" என்று ஒரு தமிழர் கேட்பாரானால், அவருக்கு நாம் என்ன விடை சொல்வது?

இதனைத் திருப்பூர்க்காரர் கேட்பதுதான் என்னை மேலும் வருத்துகிறது. ஏனெனில், கரையிறங்காத விருந்தாளியை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? அயல்நாட்டுக் கொள்முதலாளர் கோவையில் விமானமிறங்குகிறார். குளிரூட்டிய காரில் வருகிறார். மாதிரி அறையில் துணியைத் தடவிப் பார்க்கிறார். விலையில் சில காசுகளைக் குறைக்கிறார். விடுதியில் உறங்கி மறுநாளே பறந்துவிடுகிறார். நொய்யலின் நிறத்தை அவர் பார்த்ததில்லை. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களின் வீட்டு அடுப்பை அவர் அறியார். லைன் வீட்டின் ஒற்றை அறையில், இரவுப்பணி முடிந்து பகலில் உறங்கும் ஒடிசாப் பையனை அவர் கண்டதில்லை. "எங்கள் ஊரை யாரும் பார்ப்பதில்லை, பனியனை மட்டுமே பார்க்கிறார்கள்" என்று நாம் எத்தனை முறை குறைபட்டிருப்போம்! கப்பலேறியதும் நாமும் அந்தக் கொள்முதலாளராகவே மாறிவிடுவது முறையா?

"நான்கு மணி நேரத்தில் ஓர் ஊரை அறிந்துவிட முடியுமா?" என்பர் சிலர். முடியாது, ஒப்புகிறேன். ஆனால் அறியாமையின் அளவை அறிந்துகொள்ள நான்கு மணி நேரம் போதும். கடைக்காரரிடம் ஒரு தேநீர் வாங்கி, "நீங்கள் எந்த ஊர்? தொண்ணூறில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து இடங்களை ஓட்டமாய்ப் பார்ப்பதைவிட அந்த ஒரு விடை பெரிது. சுற்றுலா வண்டியில் இடமில்லையா? துறைமுக வாயிலைக் கடந்து கால் மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள். அதுவும் இறங்கியதே ஆகும்.

நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "எங்க கம்பெனியிலயே அகதி முகாமிலிருந்து வர்ற அம்மா ஒருத்தங்க செக்கிங்ல இருக்காங்க. அவங்க ஊரு காங்கேசன்துறைங்க. போயிட்டு வந்தப்புறம் 'எங்க ஊரு எப்படிங்க இருக்குது?'ன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலைங்க" என்றார்.

கரையில் என்ன இருக்கிறது என்னும் கேள்விக்கு அந்தத் தாயின் கேள்வியே விடை.